நாலடி தள்ளி ஒரு முளை

ஜெகதீஷுக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பது மூன்று மாதமாகத் தீராத சங்கடமாக இருந்தது.

பன்னிரண்டு வருடம் பொக்லைன் ஓட்டிய கைகள். தூக்கத்தில்கூட விரல்கள் லீவரைத் தேடும். இப்போதும் அதே வண்டி, அதே இருக்கைதான். ஆனால் இரண்டு பக்கமும் இருக்கிற லீவர்கள் தாமாகவே முன்னும் பின்னும் அசைந்தன. அவற்றின் அடியில் பொருத்திய சின்ன மோட்டார்களுக்கு, இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி உத்தரவு போட்டது. மண்ணை வெட்டுவது, அள்ளுவது, திருப்பிக் கொட்டுவது எல்லாம் பெட்டியின் வேலை. ஜெகதீஷுக்கு மிஞ்சியது வலது கைப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும்.

அவன் முதலில் கைகளை மடியில் வைத்துப் பார்த்தான். பிறகு அக்குளில் சொருகிப் பார்த்தான். கடைசியில் இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

கீழே பிளாஸ்டிக் மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொற்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அப்படி உக்காந்தா பொத்தானை எதாலங்க அமுக்குவீங்க?"

"மூக்கால," என்றான் ஜெகதீஷ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அந்தத் தொடைக்கு அடியில் போன கைகள் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த மோட்டார்களைப் பொருத்தியது அவள்தான். அந்தக் கைகளுக்கு வேலையில்லாமல் செய்ததும் அவள்தான். கட்டிய மனைவி.

ஓசூர் சிப்காட்டின் பின்தெரு ஒன்றில் சகாயநாதன் நடத்திய பன்னிரண்டு பேர் கொண்ட கம்பெனியில் பொற்கொடி இன்ஜினியர். பொக்லைன் தானாகவே பள்ளம் தோண்டும்படி செய்கிற கருவித் தொகுப்பு அவளுடைய மூன்று வருட உழைப்பு. கருவி தயாரானபோது அதைப் பூட்டிப் பார்க்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. யாரும் தரவில்லை. ஓடுகிற வண்டியில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்க எந்த ஓனர் சம்மதிப்பான்? ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் இதைச் சொல்லிப் புலம்பியபோது ஜெகதீஷ் ரசத்தைப் பிசைந்தபடி, "நம்ம வண்டில போட்டுக்க. ஓட்டைதானே," என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் சொந்தமாக வைத்திருந்தது அந்த ஒரே ஒரு வண்டி.

அவர்கள் காதலும் பேச்சில் வந்த காதல் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால், 2004 சித்திரை வெயிலில், சூளகிரிப் பக்கம் ஒரு சைட்டில் பொற்கொடி தரைமட்டம் பார்த்து லெவல் எடுக்கப் போயிருந்தாள். மரமில்லாத வெட்டவெளி. ஒரு மேசை போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், மூன்றாவது நாள்தான் ஒன்றைக் கவனித்தாள். மத்தியானம் வேலை நின்ற பிறகும் தன் மேசை மேல் ஒரு நிழல் விழுகிறது. சூரியன் நகர்ந்தாலும் நிழல் மேசையை விட்டு நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பொக்லைனின் நீளமான இரும்புக் கை. சாப்பாட்டு நேரத்தில் யாரோ அதைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த யாரோ, டிரைவர் சீட்டில் தூக்குவாளியைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இரண்டு பக்கமும் ஆறு மாதம் முறைத்தார்கள். அப்புறம் பெண்ணின் படிப்பைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பயந்ததும், மாப்பிள்ளையின் நிதானத்தைப் பார்த்துப் பெண் வீட்டார் சமாதானமானதும் வேறு கதை.

இப்போது 2008 தை மாதம். நாளை, வெள்ளிக்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் ராமப்பன் சோதனை பார்க்க வருகிறார். பேரிகை ரோட்டில் புதிதாக ஷெட் கட்டப்போகும் இரண்டு ஏக்கர் மனையில், கழிவுநீர்க் குழாய்க்கான வாய்க்காலை வண்டி தானாகத் தோண்ட வேண்டும். அறுபதடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி ஆழம். தரையில் சுண்ணாம்புக் கோடு போடக் கூடாது. கை படக் கூடாது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் சோதனை தோல்வி.

தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சகாயநாதன் மறைக்கவில்லை. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்.

"எம்மா, இது போச்சுன்னா இந்த வேலைய மூடிருவேன் பாத்துக்க. மூணு வருசம் பொறுத்தாச்சு. பழையபடி கன்வேயர் பெல்ட்டுக்கு சுவிட்சு போர்டு செஞ்சு பொழச்சுக்கிடலாம்."

"போகாது சார்," என்றாள் பொற்கொடி.

அன்று சாயங்காலம் எல்லாம் சரிபார்த்துவிட்டு, ரோட்டோர டீக்கடையில் இருவரும் நின்றார்கள். பக்கத்து சைட்டில் வண்டி ஓட்டுகிற ஆஞ்சப்பன் பன்னை டீயில் நனைத்தபடி வந்தான். ஜெகதீஷுக்குப் பால்ய சிநேகிதன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"இன்னா மாமா, இன்னிக்கும் சவாரிதானா? டிக்கெட்டு எடுத்தியா?"

"பாஸ் வெச்சிருக்கேன்டா. பொண்டாட்டி கையெழுத்து போட்ட பாஸு."

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்று பொற்கொடியின் பக்கம் திரும்பினான் ஆஞ்சப்பன். "நாளைக்கு இது பாஸாயிடுச்சுன்னா நாங்கல்லாம் வூட்ல போய் மாவாட்ட வேண்டியதுதான். மாமாவுக்குப் பரவால்ல, உங்க சம்பாத்தியம் இருக்குது. எங்கூட்டுக்காரி வண்டிய எங்க கண்டுபுடிக்கிறா, சீரியல் பாத்துக்கினு உக்காந்திருக்கா."

"நீங்க மாவாட்டினா அந்த இட்லிய யாருங்க திம்பாங்க? வண்டியே ஓட்டுங்க," என்றாள் பொற்கொடி. கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெகதீஷும் சிரித்தான். ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது ரோட்டையே பார்த்து ஓட்டினான். பொற்கொடி பின்னாலிருந்து, "நாளைக்கு நல்லபடியா முடிஞ்சிடும்ல?" என்று கேட்டாள்.

"ம்."

அந்த ஒற்றை 'ம்' அவளுக்கு முள்ளாகக் குத்தியது. இவருக்கு இது முடியவேண்டாம் என்று உள்ளுக்குள் இருக்கிறதோ? கேட்க நினைத்தாள். மூக்கண்டப்பள்ளி நெரிசலில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கேட்காமலேயே விட்டுவிட்டாள்.

வீட்டில் மாமியார் நாகம்மாள் பூசைக்குச் சாமான் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், மஞ்சள், குங்குமம், வெல்லம்.

"கொடி, காத்தால அஞ்சரைக்கே நான் ஜெகதீசோட போயிடறேன். வண்டிக்கும் மண்ணுக்கும் பூசை போடாம மொத வெட்டு வெட்டக் கூடாது. நீ மெதுவா வா."

"சரிங்க அத்தை. லேப்டாப் பேட்டரி ஏத்திட்டு ஏழுக்கு வந்துடறேன்."

"அந்த வெள்ளைக்காரப் பொட்டிக்கும் ஒரு பொட்டு வெப்பேன். வேணாங்காத."

"வெள்ளைக்காரப் பொட்டி இல்லைங்க அத்தை. நான் செஞ்ச பொட்டி."

"அப்ப ரெண்டு பொட்டு," என்றாள் நாகம்மாள்.

பொற்கொடி மறுநாள் ஏழு மணிக்குப் போனபோது மனையில் பனி இன்னும் கலையவில்லை. வண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பல்சக்கரச் சங்கிலிக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். பெட்டிக்கு நிஜமாகவே இரண்டு பொட்டு. சகாயநாதன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

வண்டிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்கு ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும். அதற்காக நேற்று மாலை பொற்கொடி மனையின் ஓரத்தில் ஒரு மரமுளை அடித்து, சிவப்புப் பெயின்ட் பூசி, தலையில் ஓர் ஆணி இறக்கியிருந்தாள். அந்த ஆணிக்கு நேர் மேலே முக்காலி வைத்து ஆன்டெனாவை நிறுத்தினால், 'முளை இருக்கிற இடம் இது' என்று பெட்டி நம்பிக்கொண்டு அங்கிருந்து எல்லாவற்றையும் அளக்கும். முளை நகர்ந்தால் உலகமே நகர்ந்துவிடும். அதனால் தள்ளி இன்னொரு சாட்சி முளையும் அடித்து வைத்திருந்தாள். தினமும் காலையில் இரண்டுக்கும் நடுவில் டேப்பு பிடித்துப் பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டு அடி மூன்று அங்குலம். அது அவளே எழுதிய விதி.

சிவப்பு முளையின் தலையில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அத்தை இதையும் விடவில்லை என்று சிரித்துக்கொண்டே ஆணியை மட்டும் துடைத்து, மேலே முக்காலியை நிறுத்தினாள். டேப்பை எடுக்கப் போன நேரத்தில் கேட்டுக்கு வெளியே கார் சத்தம். ராமப்பன் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். நேற்று அளந்ததுதானே என்று டேப்பைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு அவரை வரவேற்க ஓடினாள்.

ராமப்பன் ஒல்லியான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். நாகம்மாள் கொடுத்த பொங்கலை, "ஆமேலே, அம்மா," என்று கன்னடத்தில் அப்புறத்துக்குத் தள்ளிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஸ்டார்ட் மாடி," என்றார்.

பொற்கொடி ஒரு விசையைத் தட்டினாள்.

வண்டி இரண்டடி முன்னால் நகர்ந்தது, நின்றது. இரும்புக் கை நீண்டது. பக்கெட்டின் ஐந்து பற்களும் பனி ஈரம் காயாத செம்மண்ணில் இறங்கின. வெட்டி, மடித்து, தூக்கி, திரும்பி, கொட்டியது. மறுபடி. மறுபடி. வாய்க்காலின் சுவர்கள் கத்தியால் வெட்டிய பர்பி மாதிரி நின்றன. ராமப்பன் தன் ஆளை விட்டு ஆழத்தை அளக்கச் சொன்னார். ஆறடி. ஐந்தடி தள்ளி அளக்கச் சொன்னார். ஆறடி. அவர் முகம் மாறவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சகாயநாதன் யாருக்கும் தெரியாமல் பொற்கொடிக்கு ஒரு கட்டைவிரலைக் காட்டினார்.

இருபது அடி ஆயிற்று. இருபத்தைந்து. ஜெகதீஷ் இருக்கையில் தொடைக்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டு, பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பதாவது அடியில் பக்கெட் நாலடி ஆழம் இறங்கி மேலே வந்தது. திரும்பிக் கொட்டியது. மறுபடி பள்ளத்துக்குள் இறங்கப்போன கை, நடுவானத்தில் அப்படியே நின்றுவிட்டது. இன்ஜின் சத்தம் அடங்கியது. தூரத்தில் எங்கோ ஒரு மயில் கத்துவது கேட்டது.

ஜெகதீஷின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

"ஏனாயித்து?" என்றார் ராமப்பன்.

"மணல் வருது சார்," என்றான் ஜெகதீஷ், இறங்கிக்கொண்டே. "செம்மண்ணுக்கு நடுவுல ஆத்து மணல். கீழ பைப்பு ஓடுது."

பொற்கொடி திரையைப் பார்த்தாள். பச்சைக் கோட்டின் மேல் வண்டி ஓர் அங்குலம் பிசகாமல் நின்றிருந்தது. வரைபடத்தில் பக்கத்து ஊர்த் தொட்டிக்குப் போகிற குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதுதான். ஆனால் வாய்க்காலுக்கு ஆறடி தள்ளி ஆரம்பித்து, போகப்போக நெருங்கினாலும் நாலடிக்குக் கிட்டே வராது.

"இங்க பைப் இருக்க முடியாதுங்க. லைன் கரெக்டா இருக்குது."

"மணல் இருக்குதே கொடி."

"எங்கயாவது கொஞ்சம் மணல் இருந்தா? அதுக்குப் பொத்தானை அமுக்குவீங்களா? இன்னும் முப்பதே அடி." அவள் குரல் உயர்ந்துவிட்டது. நேற்று வாயில் நின்றது இப்போது எல்லார் முன்னாலும் வந்து விழுந்தது. "உங்களுக்கு இது ஓடறதே புடிக்கல. அதானே?"

சகாயநாதன் தொன்னையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நாகம்மாள் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

ஜெகதீஷ் மனைவியை ஒரு தரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான். இரண்டு வெட்டு. பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு முழங்காலிட்டு, மூன்று மாதமாக வேலையில்லாமல் இருந்த அந்தக் கைகளால் மணலைத் தள்ளினான். ஒரு சாண் ஆழத்தில் சாம்பல் நிறக் குழாயின் முதுகு தெரிந்தது.

பக்கெட்டின் அடுத்த வெட்டு நேராக அதன் மேல்தான் இறங்கியிருக்கும்.

ராமப்பன் பள்ளத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்து குழாயைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"கோடு சரியா இருக்குது, பூமி தப்பா இருக்குது. அது எப்படி?" என்று தமிழில் கேட்டார்.

பொற்கொடி பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்தாள். சாட்சி முளையில் ஒரு முனையை மாட்டி, சிவப்பு முளை வரைக்கும் நடந்தாள். நாற்பத்தாறு அடி. இன்னொரு தரம் இழுத்தாள். நாற்பத்தாறு அடி.

சுற்றிலும் பார்த்தாள். நாலடிக்கு இந்தப் பக்கம், தரையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குழி. பழைய முளைக்குழி. மண் தள்ளி மூடி, அதன் மேல் ஒரு துளி மஞ்சள். பக்கத்தில் முளையை அடிக்கப் பயன்படுத்திய கருங்கல். அதிலும் மஞ்சள் விரல் பதிந்திருந்தது.

அவளும் ஜெகதீஷும் ஒரே நேரத்தில் நாகம்மாளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் சார்," என்றான் ஜெகதீஷ் சட்டென்று. "காத்தால வண்டிய எறக்கும்போது செயின் பட்டு முளை சாஞ்சிடுச்சு. குத்துமதிப்பா எடுத்து நட்டுட்டேன். சொல்லாம விட்டது என் தப்பு."

முளைக்கு இருபதடி சுற்றுவட்டத்தில் சங்கிலித் தடமே இல்லை என்பது பொற்கொடிக்குத் தெரிந்தது.

சகாயநாதன் அவளைத் தனியே இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம்மா, நல்லதாப் போச்சு. ஆபரேட்டர் தப்புன்னு எழுதிருவோம். கருவி மேல ஒரு குத்தமும் வராது. ராமப்பனும் ஒத்துக்கிடுவாரு. என்ன சொல்லுத?"

லேப்டாப் திரையில் ஒரு கட்டம் திறந்து காத்திருந்தது. வண்டியில் கை படுகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு வரி எழுதும்: நேரம், என்ன அசைவு, எவ்வளவு. கடைசியில் 'காரணம்' என்று ஓர் இடம். அதை மனிதர்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் அடுத்த வேலைக்கு விடாது. அதுவும் அவள் வைத்த விதிதான். 'ஆபரேட்டர் தவறு' என்று இரண்டு சொல் தட்டினால் மூன்று வருட உழைப்பு பிழைத்துக்கொள்ளும்.

பள்ளத்துக்கு வெளியே ஜெகதீஷ் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். பெற்றவளுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கட்டியவளுக்கும் அது உதவட்டும் என்று நிற்கிறான்.

"இல்லைங்க சார்," என்றாள் பொற்கொடி, ராமப்பனுக்கும் கேட்கிற குரலில். "முளைய யார் வேணா நகர்த்தியிருக்கலாம். ஆடு இடிச்சாக்கூட நகரும். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னால டேப்பு புடிச்சுப் பாக்க வேண்டியது நான். பாக்கல. ராமப்பன் சார் சீக்கிரம் வந்துட்டாருன்னு விட்டுட்டேன். அவரு பொத்தானை அமுக்கலைன்னா ஒரு ஊருக்குத் தண்ணி நின்னிருக்கும்."

அதுவரை கரண்டியோடு நின்ற நாகம்மாளுக்கு அப்போதுதான் பேச்சு எதைப் பற்றியென்று புரிந்தது.

"முளையா? அந்தச் செவப்பு முளையா? அத நான்தான மாத்தி நட்டேன்!"

"அம்மா," என்றான் ஜெகதீஷ்.

"சும்மா இருடா, நீ வண்டி கழுவிக்கினு இருந்த, உனக்கென்ன தெரியும்." நாகம்மாள் மருமகளின் பக்கம் வந்தாள். "கொடி, பூசைக்குன்னு செவப்பு பூசி நட்டு வெச்சிருக்கியேன்னு பாத்தேன். ஆனா மூல தப்பி நட்டிருந்த கண்ணு. ஈசானிய மூலையிலதான மொத முளை இருக்கணும்? படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்னு நாலடி தள்ளி அந்தப் பக்கமா நட்டுட்டேன். நாலு பேர் வர்ற எடம், எல்லார் முன்னாடியும் சொன்னா உனக்குக் கொறச்சலா இருக்கும்னுதான் வாயத் தொறக்கல."

முதலில் சத்தம் வந்தது ராமப்பனிடமிருந்துதான். இருமல் மாதிரி ஆரம்பித்து, சிரிப்பாக முடிந்தது.

"அம்மா, அந்தப் பொங்கல் இன்னும் இருக்கா?"

நாகம்மாள் ஒரு தொன்னை நிறைய வைத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"ஃபெயில்னுதான் எழுதணும். எழுதறேன்," என்றார். "ஆனா வண்டி சொன்னபடி தோண்டிச்சு. சொன்னதுதான் தப்பு. சைட்டுன்னா முளை நகரத்தான் செய்யும். நகர்ந்தா அது வண்டிக்கே தெரியணும். மூணு வாரம் கழிச்சு வரேன்." பிறகு ஜெகதீஷிடம் திரும்பினார். "உங்களுக்கு மணல் எப்படி தெரிஞ்சது? உள்ள உக்காந்தா தூசிதானே தெரியும்?"

"கொட்டும்போது சத்தம் மாறும் சார். செம்மண்ணு தொப்புன்னு விழும். மணல் சரசரன்னு போகும்."

ராமப்பன் அதையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

கார் போன பிறகு சகாயநாதன் பொங்கலை வழித்துச் சாப்பிட்டார். "மூணே வாரம்," என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னால தாங்காதும்மா."

அன்று சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன ஜெகதீஷின் பின்னாலேயே பொற்கொடி போனாள். கொடியில் கிடந்த அவனுடைய காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

"எப்படி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "நெசமாவே எனக்குக் கொஞ்சம் புடிக்கலதான் கொடி. சும்மா உக்காந்திருக்கறது புடிக்கல. அதுக்காக உன் வேலை கெடணும்னு நெனப்பனா? நேத்து நீ கேட்டப்ப 'ம்'னு சொன்னது, வாயத் தொறந்தா இதச் சொல்லிடுவேனோன்னுதான்."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ பரீட்சைக்குப் போற. அன்னிக்கா சொல்லுவாங்க?"

அவளுக்கு மாமியார் நினைவு வந்தது. நாலு பேர் முன்னாடி குறைச்சலாக இருக்கும் என்று வாயைத் திறக்காத நாகம்மாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே வியாதி. அவளுக்கும்தான், ஸ்கூட்டியில் கேட்க வந்ததை விழுங்கியவள் அவள்.

"இனிமே புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க. அன்னிக்கே."

"சரி. இந்த வாரம் ரசம் புடிக்கல."

அவள் சட்டையால் அவனை அடித்தாள். அவன் அதை அப்படியே வாங்கி மடித்துக்கொண்டே, "முளை விசயம் ஒண்ணு சொல்லட்டா?" என்றான். "நாங்க ஓட்டும்போது காத்தால பக்கெட் பல்லால முளைத் தலைய மெதுவாத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வெட்ட ஆரம்பிப்போம். கண்ணு ஏமாத்தும், பல்லு ஏமாத்தாது. உன் பொட்டிக்கு அதக் கத்துக்குடேன். ரெண்டு முளையையும் ஒருவாட்டி தொட்டுட்டு வரச் சொல்லு. தூரம் தப்பா இருந்தா வேலை செய்ய மாட்டேன்னு அதுவே நிக்கட்டும்."

பொற்கொடி அவனையே பார்த்தாள். "இத மூணு மாசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. நான் கைமேல உக்காந்திருந்தேன்."

அடுத்த மூன்று வாரமும் அவன் கைகளுக்கு வேலை இருந்தது. முளையின் தலையை நசுக்காமல் தொடுவதற்கு எத்தனை மெதுவாக இறங்க வேண்டும் என்பதை அவன் ஓட்டிக் காட்ட, அவள் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரத்தில் பெட்டி பதினேழு முளைகளை உடைத்தது. ஆஞ்சப்பன் ஒவ்வொரு மாலையும் வந்து எண்ணிவிட்டுப் போனான்.

இரண்டாம் சோதனை அன்றும் நாகம்மாள் பூசைச் சாமானோடு வந்தாள். இந்தத் தடவை பொற்கொடியே அவளை ஈசானிய மூலைக்குக் கூட்டிப்போய், புதிதாகச் சீவிய ஒரு முளையைக் கையில் கொடுத்தாள். "இது உங்க முளைங்க அத்தை. எங்க வேணா நடுங்க. அந்தச் செவப்பு ரெண்டும் என்னோடது."

"அதுக்குப் பொட்டாச்சும் வெக்கலாமா?"

"தொடாம வைங்க."

"தொடாம எப்படிடி பொட்டு வெக்கறது?" என்று முனகிக்கொண்டே நாகம்மாள் போனாள்.

ராமப்பன் வந்தார். ஆன்டெனா முக்காலி இந்தத் தடவை முளையை விட்டுத் தள்ளி நின்றது. வண்டி முதலில் இரும்புக் கையை நீட்டி, பக்கெட்டின் நடுப்பல்லால் முதல் முளையைத் தொட்டது. நகர்ந்து சென்று இரண்டாவதைத் தொட்டது. திரையில் நாற்பத்திரண்டு அடி மூன்று அங்குலம் என்று வந்தது. பிறகே மண்ணில் இறங்கியது. அறுபதடியும் முடிகிற வரைக்கும் சிவப்புப் பொத்தானுக்கு வேலை வரவில்லை. ராமப்பன் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் நான்கு வண்டிகளுக்குக் கருவி பூட்டும்போது ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஜெகதீஷ் கூட வரவேண்டும் என்று மூன்றாவது இடத்தில் எழுதினார்.

"சார், என்னையும் கருவியோட சேத்துப் பூட்டிடாதீங்க," என்றான் ஜெகதீஷ்.

எல்லாரும் பந்தலுக்கடியில் சாப்பிடப் போனார்கள். பொற்கொடி மட்டும் வெட்டவெளியில் மேசை முன்னால் உட்கார்ந்து அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாசி வெயில் திரையில் பட்டு எழுத்தே தெரியவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அப்போது வெயில் மெல்ல விலகியது. எழுத்துகள் தெளிந்தன. மேசை மேல் நீளமாக ஒரு நிழல் வந்து நின்றது.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் தூக்குவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு வேறெங்கோ பார்க்கிற ஒருவன் தெரிவான் என்று அவளுக்குத் தெரியும். திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. மதியம் ஒன்று பத்து. கையால் இயக்கம். சுழற்சி, பதினோரு டிகிரி. காரணம்?

நிரப்பாமல் அடுத்த வேலைக்கு விடாது. பொற்கொடி சற்று யோசித்தாள். பிறகு, கம்பெனிக்கோ ராமப்பனுக்கோ விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினாள்: வெயில்.